கொழுந்து மடுவத்தில் வாய் பார்த்தார்கள்

ஒரு வியாதி ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்களை யாரும் மிஞ்ச முடியாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் வருடக்கணக்காக ஆராய்ந்து சொல்வதை, எங்கள் ஆட்கள் பீலிக்கரையில் ஒரு குடம் தண்ணீர் பிடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். எங்கள் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. அது ஆறாமல் பெருத்து, கடைசியில் கன்னத்தில் வெளியே ஓட்டை விழுந்தது. அம்மா உயிரோடு இருந்தவரை அது செய்வினை என்றார்கள். யாரோ பொறாமையில் வைத்ததாம். எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருந்தது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. காம்பரா என்கிற ஒற்றை அறை, புகை போக வழியில்லாத ஓர் அடுப்பு, மழைக்கு ஒழுகும் தகரம், இவ்வளவுதான் எங்கள் ஆஸ்தி.

அம்மா செத்த பிறகு காரணம் மாறிவிட்டது. "அது அவங்க குடும்பத்து வியாதி" என்று பேச ஆரம்பித்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் நல்ல வசதி இருக்கிறது. செய்வினை என்றால் பக்கத்துக் காம்பராவுக்கும் வரலாம். குடும்ப வியாதி என்றால் எங்கள் சுவரோடு நின்றுவிடும். மற்றவர்கள் நிம்மதியாக வெற்றிலை போடலாம்.

வெற்றிலை என்று சொன்னால் சும்மா கல்யாண வீட்டு வெற்றிலை இல்லை. பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு துண்டு பொயிலை. புகையிலையைத்தான் நாங்கள் பொயிலை என்போம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது ஒரு கன்னத்தில் அடக்கினால், கூடை நிறைந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும்வரை அது அங்கேயே இருக்கும். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். குளிரில் பல் கிட்டும். பசி வயிற்றைக் கிள்ளும். வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது, அதற்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். வயசுக்கு வந்த பெண் கூடை தூக்கியதும் மூத்தவர்கள் முதலில் கொடுக்கிற பரிசு அதுதான். எனக்கும் கொடுத்தார்கள். தலை சுற்றித் தேயிலைச் செடி நிறைக்கு நடுவில் விழுந்து வாந்தி எடுத்தேன். "இதெல்லாம் எங்க உருப்படப் போவுது" என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு உருப்படாமல் போனதால்தான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பிறகு அவள் தங்கையை அப்பா கட்டிக்கொண்டார். எனக்கு அவள் இரண்டு முறையிலும் சித்தி. கதைகளில் வரும் சித்திகளைப்போல என்னைப் பட்டினி போட அவளுக்குத் தெரியவில்லை. தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்துவிட்டு, "சனியனே, தின்னு" என்பாள். அதுதான் அவளுடைய கொஞ்சல். எனக்கு அந்நிய மனிதர் ஒருவர் பேர் கேட்டாலே வியர்த்துப்போகும். அவள் கம்பளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். எனக்காகப் பேசுவதும் சண்டை போடுவதும் அவள்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்து, கொழுந்துக்குப் போய்ச் சில வருடம் ஆன பிறகு, டயகமப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கும் இடத்தைத்தான் ஸ்டோர் என்போம். மழையில் நனையாத வேலை என்பதால் எங்கள் பக்கத்தில் அது உத்தியோகம் மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, எச்சிலை முற்றத்தில் துப்பிவிட்டு, முதல் கேள்வியே இதைத்தான் கேட்டாள்:

"பொண்ணப் பெத்தவ எதுலங்க போய்ச் சேந்தா?"

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "காய்ச்சலுங்க" என்றார்.

"என்னா காய்ச்சலு?"

"நல்ல காய்ச்சலுங்க" என்று உள்ளேயிருந்து சித்தி சொன்னாள்.

அந்த அம்மாள் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். குடும்பத்தில் என்ன வியாதி இருக்கிறது என்று தோண்டி எடுப்பதில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமமான டாக்டர் இந்த உலகத்தில் இல்லை. அவர்களிடம் தப்பிப்பதில் பெண் வீட்டாருக்குச் சமமான கெட்டிக்காரர்களும் இல்லை. தை மாதம் பரிசம் போட்டுக் கல்யாணத்தையும் வைப்பதாகப் பேசி முடித்தார்கள்.

அதே நாட்களில்தான் சித்தி ரொட்டிக்குக் காரச் சம்பல் தொட்டுக்கொள்வதை நிறுத்தினாள். மிளகாய் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடாதவள், வெறும் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து, தலையைச் சாய்த்து, ஒரே பக்கமாக மென்றாள். கேட்டதற்கு, "பாக்கு கிழிச்சிருச்சு" என்றாள். அடுத்த வாரமும் பாக்குதான் கிழித்தது. அடுத்த மாதமும். அந்தப் பாக்குக்கு வேறு வேலை இல்லைபோல. ஒரு நாள் மலையில் சாப்பிடும்போது, மென்ற ரொட்டி அவள் வாயோரமாக வழிந்து மடியில் விழுந்தது. அதை வழித்துக் காக்காய்க்குப் போட்டுவிட்டு நான் பார்த்தேனா என்று பார்த்தாள். நான் பார்த்தேன். அம்மாவும் அப்படித்தான் வழித்துப் போடுவாள்.

"காட்டுங்க சித்தி" என்றேன்.

"என்னத்தக் காட்ட? சும்மா இருடி. தை மாசம் போவட்டும். ஒன்ன அனுப்பிட்டு எந்த ஆஸ்பத்திரியிலயாச்சும் போய்ப் படுத்துக்கிறேன்."

"அதுக்குள்ள..."

"அதுக்குள்ள ஒண்ணும் செத்துற மாட்டேன். ஒங்கம்மாளுக்கு வந்தது எனக்கும் வந்துருக்குன்னு தெரிஞ்சா அந்தப் பொம்பள இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாளா? ஒனக்கும் வரும்னு சொல்லிருவா. வாயப் பொத்து."

நான் பொத்திக்கொண்டேன். எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும்.

தை மாதத்துக்கு முன்னால், சொல்லிவைத்த மாதிரி, கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். தோட்டத்துச் சனங்களுக்கு வாயில் புற்று ஏன் இவ்வளவு வருகிறது, அது பரம்பரையாக இரத்தத்தில் வருகிறதா, இல்லை மெல்லுவது, குடிப்பது, புகையில் சமைப்பது இதனால் வருகிறதா என்று ஆராய்ச்சி செய்கிறாராம். துரை அனுமதி கொடுத்தார். ஆராய்ச்சியால் ஒரு கூடை கொழுந்துகூடக் குறையக் கூடாது என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. ஆகவே சாயங்காலம் மடுவத்தில் வைத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. ஒரு பக்கம் கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுப்பார், நிறுத்தவர்கள் அப்படியே நகர்ந்து அடுத்த பக்கம் போய் டாக்டருக்கு வாயைக் காட்ட வேண்டும்.

டாக்டர் வாயை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. அப்பா எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார், அவர்கள் எதனால் செத்தார்கள் என்றெல்லாம் கேட்கப் போகிறார் என்று முதல் நாளே கதை வந்துவிட்டது. இதே கேள்விகளை அரசாங்கமும் அப்போது எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் முதல் வேலையாக, இந்தியாவிலிருந்து வந்த கூட்டம் என்று எங்களை யாருக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியிருந்தார்கள். பிரஜாவுரிமை வேண்டுமானால் அப்பன் பிறந்ததற்கும் பாட்டன் பிறந்ததற்கும் அத்தாட்சி காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்கு என்ன அத்தாட்சி? ஆகவே அப்பன் பாட்டனைப் பற்றி யார் கேட்டாலும், அது பிரஜாவுரிமைக்காரன்தான் என்று சனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். டாக்டர் வேஷத்தில் வருகிறானாம்.

காலைப் பெரட்டில் பெரிய கங்காணி எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினார்.

"அப்பன் எங்க பொறந்தான்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"இங்கதாங்க."

"பாட்டன்?"

"பாட்டி திருச்சிப் பக்கங்க" என்று ஒரு பெண் சொன்னாள்.

"இனிமே இல்ல! ஒங்க பாட்டியும் இங்கதான் பொறந்துச்சு. வெளங்குதா? அப்பறம், குடும்பத்துல வியாதி வெக்கைன்னு எவளாச்சும் சொன்னீங்க, தொலைஞ்சோம். நோயாளிக்கு எதுக்குடா உரிமைன்னு குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவான்."

சித்தி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இப்போது அவள் பேசாமல் இருப்பதற்கு என் கல்யாணத்தோடு, மொத்தத் தோட்டத்தின் பிரஜாவுரிமையும் துணைக்கு வந்துவிட்டது.

டாக்டர் யாழ்ப்பாணத்து ஆள். மெலிந்த, சின்ன வயதுக்காரர். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காலுறை. மலைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்ததிலேயே அவருக்கு எங்கள் ஊர் தெரியாது என்று தெரிந்தது. ஆனால் மரியாதையான மனிதர். கிழவிகளைக்கூட நிற்க வைக்காமல் கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியில் உட்காரச் சொன்னார். அதனாலேயே சனங்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"அம்மா, உங்கட அப்பாவின்ர அப்பா எங்க பிறந்தவர்?" என்று ஒரு கிழவியைக் கேட்டார்.

"இந்தத் தோட்டத்துலதாங்க."

"அவரின்ர அப்பா?"

"அவரும் இதே லயத்துலதாங்க."

"அந்தக் காலத்தில இந்தத் தோட்டம் இருந்ததோ?"

"அவரு பொறந்தப்பறந்தாங்க தோட்டமே வந்துச்சு."

டாக்டர் பேனாவை நிறுத்திக் கங்காணியைப் பார்த்தார். கங்காணி வானத்தைப் பார்த்தார்.

"சரி, அவையள் எல்லாரும் என்னத்தால செத்தவை?"

"மரம் விழுந்துங்க."

"எல்லாரிலயுமோ?"

"பெரிய மரங்க."

இப்படியே போயிற்று. ஒருத்தியின் மாமியார் மின்னல் அடித்துச் செத்தாள். ஒருத்தியின் அண்ணன் ஆற்றோடு போனான். ஒருவர் அட்டை கடித்தே செத்திருந்தார். நோய் என்று ஒன்று எங்கள் தோட்டத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த டாக்டர் எழுதிக்கொண்டதை யாராவது நம்பியிருந்தால், நோயில்லாமல் வாழ ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். மரத்துக்கு மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நடந்திருக்க வேண்டும்.

"பொயிலை போடுறனீங்களோ?" என்று கேட்டதற்கும், கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டு, "இல்லீங்க, எப்பவாச்சும் விசேஷத்துக்கு" என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து டாக்டரின் காலுறைக்கு மேலே ஓர் அட்டை ஏறி இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அவர் கத்தினார். விசேஷத்துக்கு மட்டும் பொயிலை போடுகிற கிழவி எழுந்து, குறிபார்த்து, அவர் காலில் செக்கச்செவேல் என்று ஒரு துப்பு துப்பினாள். அட்டை சுருண்டு விழுந்தது. வெள்ளைக் காலுறையும் அதோடு போயிற்று.

"இதுக்குத்தாங்க போடுறோம்" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த முதல் உண்மை அதுதான்.

வரிசையில் சித்தி எனக்கு முன்னால் நின்றாள். எனக்குப் பின்னால் மேல் லயத்துப் பெண் ஒருத்தி நின்றாள். மாப்பிள்ளைக்கு அவள் அத்தை முறை. எங்கள் தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் என்பதால் அம்மாவின் கதை அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. அதைத் தெரிந்துதான் சித்தி அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிய வெற்றிலையாக மடித்து வாயை அடைத்திருந்தாள். புண்ணின் மேலேயே அடக்கியிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"துப்பிப்போட்டு வாயைத் திறவுங்கோ அம்மா" என்றார் டாக்டர்.

சித்தி தலையை ஆட்டினாள். "பல்லு வலிங்க. தொறக்க ஏலாதுங்க."

"உங்கட சகோதரங்கள்?"

"ஒரு அக்கா. ஆத்துல விழுந்து செத்துட்டா."

எங்கள் அம்மாவை என் கண் முன்னால் ஆற்றில் தள்ளிவிட்டாள். அம்மா சாகக் கிடந்தபோது அந்தப் புண்ணைக் கழுவித் துணி கட்டியது இந்தச் சித்திதான். மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றவர்கள் காம்பராவுக்கு வெளியில் நின்றபோது, உள்ளே உட்கார்ந்திருந்தவள் இவள். அவளுக்குத் தெரியும், இது எங்கே போய் முடியும் என்று. தெரிந்தே நகர்ந்து போகப் பார்த்தாள். டாக்டரும் விட்டுவிட்டார், "அடுத்த ஆள்" என்றார்.

அடுத்த ஆள் நான்தான்.

"உம்மட அம்மா இருக்கிறாவோ?"

எனக்குத் தராசுச் சங்கிலிதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எங்கம்மா ஆத்துல விழலீங்க. கன்னத்துல புண்ணு வந்து செத்தாங்க. இப்ப போறாங்களே, அவங்க எங்கம்மாவோட தங்கச்சி. அவங்களுக்கும் அதே மாதிரி இருக்குங்க. அவங்களக் கூப்பிடுங்க."

கணக்கப்பிள்ளை நிறுப்பதை நிறுத்திவிட்டார். கொழுந்து நிறுப்பது நின்று நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"அடிப் பாவி!" என்று சித்தி திரும்பி வந்தாள். அடிக்கத்தான் வந்தாள். கையை ஓங்கினவள், என் முகத்தைப் பார்த்ததும் இறக்கிவிட்டு, பெட்டியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். அழுதால் வாய் தானாகத் திறக்கும் அல்லவா. டாக்டர் கண்ணாடியும் கரண்டியும் எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு அவர் கேட்டதையெல்லாம் சித்தி மறைக்காமல் சொன்னாள். அக்காவும் தங்கையும் ஒரே அடுப்புப் புகையில் வளர்ந்தது, ஒரே பையில் வெற்றிலை எடுத்தது, அடக்கிக்கொண்டே தூங்கியது எல்லாம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தாய். ஒரே பொயிலை. ஒரே புகை. நான் எதையெண்டு குற்றஞ் சொல்லுறது?"

"எதயாச்சும் சொல்லுங்க ஐயா, இந்தப் புள்ளைக்கு வருமா?" என்று சித்தி கேட்டாள்.

"இரத்தத்தைப் பற்றி எங்களுக்கு இன்னும் வடிவாத் தெரியாது. பொயிலையில எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கு. பிள்ளை அதைத் தொடாமல் இருக்கட்டும். நீங்கள் நாளைக்கே வெளிக்கிடுங்கோ. இப்ப வந்தால் வெட்டி எடுக்கலாம். தை மாசம் வந்தால் என்னால ஒண்டும் செய்யேலாது."

நாங்கள் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி டயகமப் பக்கம் கிளம்பிவிட்டது. தபால்காரருக்கு இருந்த கால் அதற்கும் இருந்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். சித்தி அதற்குள் கொழும்புக்குப் போயிருந்தாள். அப்பா கூடப் போயிருந்தார். நான் மட்டும்தான் வீட்டில்.

"கோவிச்சுக்காத ஆயி. ரத்தத்துல வர்ற வியாதிய நாங்க தெரிஞ்சே வீட்டுக்குக் கொண்டுபோவ முடியுமா? எங்க வம்சம் சுத்தமான வம்சம்" என்றாள்.

சொல்லிவிட்டு முற்றத்தில் துப்பினாள். எழுந்து போகும்போது, "ஒங்க சித்தி வச்சிட்டுப் போன பொயில ஒரு துண்டு இருந்தாக் குடு, நடக்கத் தெம்பா இருக்கும்" என்று கேட்டாள்.

கொடுக்கவில்லை. "அடுப்புல போட்டுட்டேங்க" என்றேன். உண்மையாகவே போட்டிருந்தேன். அவள் இரத்தத்தை மன்னித்தாலும் மன்னித்திருப்பாள், அந்தப் பொயிலையை அடுப்பில் போட்டதை மன்னித்திருக்க மாட்டாள். எனக்கு அழுகை வந்தது. அந்த ஸ்டோர்க்காரரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், காது கொஞ்சம் பெரிது. ஆனாலும் அழுகை வந்தது.

சித்தியை வெட்டினார்கள். கரண்டு வைப்பது என்று நாங்கள் சொல்லும் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது இடப்பக்கக் கன்னத்தில் பாதி இல்லை. பேச்சு குழறியது. முதலில் எனக்கு மட்டும்தான் விளங்கும். அவள் என்னைத் திட்டிய திட்டெல்லாம் எனக்கு மட்டும் விளங்கியது பெரிய வசதி. கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டவள், குடும்ப மானத்தை மடுவத்தில் நிறுத்துப் போட்டவள் என்று கஞ்சி குடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் திட்டினாள். கஞ்சி குடிக்கும்போதும் கண்ணால் திட்டுவாள். பிறகு, "சனியனே, தின்னு" என்று மீதியை என் பக்கம் தள்ளுவாள். திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருந்தாளே, அது போதும் எனக்கு. என்னைக் கட்டிக்கொண்டவர் பின்னால் வந்தார். அவர் பெற்றோர் இல்லாதவர், ஆகவே என் இரத்தத்தை விசாரிக்க அந்தப் பக்கம் ஆள் இருக்கவில்லை.

டாக்டரின் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று தெரியாது. எங்கள் யாரையும் அதற்காகக் கப்பல் ஏற்றவில்லை. பிரஜாவுரிமையும் கொடுக்கவில்லை. மரம் விழுந்து செத்தவர்களும் மின்னல் அடித்துச் செத்தவர்களும் வீணாகத்தான் செத்தார்கள்.

சித்தி வந்த புதிதில் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நலம் விசாரிக்க வந்தார்கள். கன்னத்தைப் பார்க்க வந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. பார்த்து, உச்சுக்கொட்டி, "பாவம், குடும்பத்துல இருக்கு, என்னா செய்யிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்களில் சிலர் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். தண்ணீர் கேட்பதுபோல, தீப்பெட்டி கேட்பதுபோல. முதலில் வந்தது அந்த மேல் லயத்துக்காரிதான். மாப்பிள்ளைக்கு அத்தை முறையானவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக் கதவில் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க வம்சத்துலயே கெடையாது. உள்ளுக்குள்ள வெள்ளையாக் கொஞ்சம்... சும்மா ஒருக்காப் பாருங்களேன்."

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நான் உள்ளே உட்கார்ந்து, இப்போது நல்லதாக நாலு வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தேன். சித்தி எழுந்தாள். அவள் தாடையைப் பிடித்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக இழுத்து நிறுத்தினாள். குழறிக் குழறித்தான் சொன்னாள், ஆனால் அவளுக்கும் நன்றாக விளங்கிற்று:

"சும்மா பாக்குறதுக்கு இது என்னா தேரா? துப்பிட்டு வாடி."